நெறி கட்டிய கழுத்தோடு ஓடாதே

தொண்டை வலி, விடாத காய்ச்சல், கழுத்தின் இரு பக்கமும் நெறி, அடித்துப் போட்டாற்போல அசதி. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் மோனோநியூக்ளியோசிஸ், சுருக்கமாக மோனோ, என்கிறார். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. எப்போது ஓடலாம் என்பதுதான் உன் முதல் கேள்வியாக இருக்கும். மைதானத்தில் பிள்ளைகளைப் பழக்கியே வயதானவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. வந்திருப்பது என்னவென்று தெரிந்துகொள். எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். 1964-இல் கண்டுபிடித்தார்கள். எச்சில் வழியாகப் பரவும். உடம்புக்குள் புகுந்து 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும் என்பதால், யாரிடமிருந்து ஒட்டியது என்று ஆளைத் தேடிப் பயனில்லை. நம் ஊரில் பலருக்குச் சின்ன வயதிலேயே சளிக் காய்ச்சல் மாதிரி வந்து, பெயர் தெரியாமலே போய்விடுகிறது. பதினைந்து, இருபது வயதில் முதன்முறையாக வந்தால்தான் இப்படி ஆளைப் படுக்க வைக்கும்.

2. மருந்துக்கடையில் நீயே மாத்திரை கேட்டு வாங்காதே. தொண்டை வலி என்றதும் அமாக்ஸிசிலின் எடுத்துக் கொடுப்பார்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது. மோனோ இருக்கும்போது அதைப் போட்டால் பலருக்கு உடம்பெல்லாம் செந்தடிப்பு கிளம்பும். ஆஸ்பிரினும் வேண்டாம். டெங்குவும் டைபாய்டும் உலவும் ஊரில் காய்ச்சலுக்கு நாமாகப் பெயர் வைக்கக் கூடாது. முதல் வாரத்தில் எடுத்த மோனோ பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அறிகுறி நீடித்தால் மறுபடி டாக்டரிடம் போ.

3. மண்ணீரலுக்குப் பயப்படு. இந்த ஒரு பயம் உனக்கு அவசியம். இடது பக்க விலா எலும்புகளுக்கு உள்ளே ஒளிந்திருக்கும் உறுப்பு அது. மோனோவில் பாதிப் பேருக்காவது அது வீங்கி, ரத்தம் நிறைந்து, மெத்தென்று ஆகிவிடும். சிலருக்கு விலாவைத் தாண்டிக் கீழே இறங்கும். அந்த நிலையில் ஒரு முழங்கை இடித்தாலும், ஒரு முறை குப்புற விழுந்தாலும் கிழியலாம். எதுவும் படாமலேகூட அபூர்வமாகக் கிழிந்திருக்கிறது. நூறு பேரில் ஒருவருக்குக்கூட வராத விபத்துதான். ஆனால் வந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும், உயிருக்கே ஆபத்து. இடது மேல்வயிற்றில் திடீர் வலி, காரணமில்லாமல் இடது தோள்பட்டையில் வலி, கண் இருட்டல், குளிர்ந்த வியர்வை: இவற்றில் எது வந்தாலும் ‘வாயுப் பிடிப்பு’ என்று பூண்டு தின்று உட்கார்ந்திருக்காதே, 108-ஐக் கூப்பிடு. வயிற்றை உருவிவிடுகிறேன் என்று யார் வந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடு. வீக்கம் இருக்கிறதா என்று நீயும் அழுத்திப் பார்க்காதே.

4. நோய் தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 3 வாரம் ஓட்டம் கிடையாது. மண்ணீரல் கிழிவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். அதற்குப் பிறகும் எப்போதாவது நடக்கிறது. கபடி, கால்பந்து போன்ற மோதும் ஆட்டங்களுக்கு இன்னும் கூடுதல் காலம் வேண்டும். ‘ஓடத்தானே கூடாது’ என்று கதவைச் சாத்திக்கொண்டு சிட்-அப் எடுக்கும் பிள்ளைகளைத் தெரியும். அதுவும் கூடாது. தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர் தூக்குவதும் கூடாது. வீட்டில் அம்மாவிடம் இதைச் சொல்லிவை.

5. கஞ்சி, ரசம் சாதம், இளநீர், எது தொண்டையில் இறங்குகிறதோ அது. தண்ணீர்கூட இறங்காத அளவு டான்சில் வீங்கினாலோ, மூச்சு விடக் கஷ்டமானாலோ உடனே ஆஸ்பத்திரி.

6. காய்ச்சல் விட்டதை வைத்துக் கணக்குப் போடாதே. மாடி ஏறினால் உட்காரத் தோன்றாமல் இருக்க வேண்டும், பகலில் தூக்கம் அசத்தாமல் இருக்க வேண்டும், டாக்டரும் சரி சொல்ல வேண்டும். மூன்றும் கூடினால் முதல் சில நாள் நடை மட்டும். பிறகு பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் கால் மணி நேரம். மறுநாள் காலை எழுந்ததும் படுக்கையிலேயே நாடியைப் பார். வழக்கத்தைவிட வேகமாக இருந்தாலோ, கால் கனத்தாலோ அன்று ஓய்வு. தூரத்தை முதலில் கூட்டு. ஸ்பைக்ஸும் இன்டர்வலும் கடைசியில்தான். சிலருக்கு இந்த அசதி மாதக்கணக்கில் இழுக்கும். அதற்காக உன்னைச் சோம்பேறி என்று சொல்பவர் கோச்சாகவே இருந்தாலும் நம்பாதே. டாக்டரின் சீட்டைக் காட்டு.

7. ஜிம் ரையனைத் தெரிந்துகொள். அமெரிக்காவில் 1964-இல், பள்ளி மாணவனாக இருந்தபோதே ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடியவர். 1967-இல் மைலிலும் 1500 மீட்டரிலும் உலக சாதனை. அடுத்த ஆண்டு ஒலிம்பிக்ஸ். அவருக்கு 21 வயது. அந்த ஆண்டில் வந்தது மோனோ. பயிற்சி நின்றது. ஆனாலும் அக்டோபரில், கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள மெக்சிகோ நகரத்தில், 1500 மீட்டரில் வெள்ளி வாங்கினார். தங்கம் கென்யாவின் கிப் கெய்னோவுக்கு. ஏறக்குறைய 3 வினாடி வித்தியாசம். மெல்லிய காற்றும் கெய்னோவின் ஓட்டமும் சேர்ந்து தீர்மானித்த பந்தயம் அது, மோனோவின் மேல் மட்டும் பழி போட முடியாது. நோய் வந்த அதே ஆண்டில் உலகத்தில் இரண்டாவதாக வந்தாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எல்லாருக்கும் இப்படி அமையாது என்பதும் உண்மை. பிரெஞ்சு ஓபனில் இரண்டு முறை இறுதிவரை போன டென்னிஸ் வீரர் ராபின் சோடர்லிங், 2011-இல் மோனோ வந்த பிறகு ஒரு போட்டிகூட ஆடாமல் 2015-இல் ஓய்வை அறிவித்தார். இவர்களை நினைத்தால் உன் மாவட்டப் போட்டியை ஒரு வருஷம் தள்ளிப்போடுவது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. உனக்கு வலிக்கும், அது எனக்குத் தெரியும். அடுத்த வருஷமும் அதே 1500 மீட்டர்தான்.

8. பாட்டிலைத் தனியாக வை. ரிலே பயிற்சி முடிந்ததும் ஒரே பாட்டில் கை மாறி, நான்கு பேரும் வாய் வைத்துக் குடிப்பதை எல்லா மைதானத்திலும் பார்க்கிறேன். உடம்பு தேறிய பிறகும் பல மாதம் எச்சிலில் இந்த வைரஸ் இருக்கும். அதற்காக உன்னை யாரும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை, நீயும் ஒதுங்க வேண்டாம். நண்பர்களோடு டிராக் ஓரம் உட்கார்ந்து அவர்கள் சுற்றுக்கு நேரம் பார்த்துச் சொல். உன் பாட்டில் கையில் இல்லாதபோது தாகம் எடுத்தால், அவர்கள் பாட்டிலை அண்ணாந்து குடி.