சென்னையில் யூதர் கல்லறைத் தோட்டம்

சென்னை இராயப்பேட்டைப் பக்கம், முன்பு லாயிட்ஸ் சாலை என்று வழங்கிய அவ்வை சண்முகம் சாலையில் யூதர்களுக்கென்று ஒரு சிறு கல்லறைத் தோட்டம் உண்டு. இவ்வாண்டுக் கல்விச் சுற்றுலாவில் வரலாறு கற்பிக்கும் சிஸ்டருடன் அங்கே சென்றோம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மாணவிகளாகிய எங்களுக்கு நடுகற்கள் புதியவை அல்ல. ஆனால் வலமிருந்து இடமாகப் படிக்கும் எபிரேய எழுத்தைக் கல்லில் கண்டது அன்றுதான்.

உள்ளே இருப்பவை சில கல்லறைகளே. பழைய கல்லறைத் தோட்டம் வடசென்னையில் தங்கசாலைப் பக்கம் இருந்தது. அங்கிருந்து கற்கள் காசிமேட்டுக்கும், பின்னர் 1983இல் இவ்விடத்திற்கும் பெயர்ந்தன. இறந்த பின்னும் இருமுறை குடிபெயர்ந்தவர்கள்!

யூதர்கள் சென்னைக்கு எதற்காக வந்தார்கள்? வைரத்திற்காக. அக்காலத்தில் உலகச் சந்தைக்கு வைரம் பெரும்பாலும் கோல்கொண்டாச் சுரங்கங்களிலிருந்தே சென்றது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன், ஆம்ஸ்டர்டாம், இத்தாலியின் லிவோர்னோ ஆகிய நகரங்களோடு தொடர்புடைய யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவழத்தை இங்கே விற்று, வைரத்தை வாங்கி அனுப்பினார்கள். பவழக்காரத் தெரு என்ற பெயர் அந்த வணிகத்தை இன்றும் சொல்கிறது. 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது பன்னிரண்டு ஆல்டர்மேன்களில் மூவர் யூதர்கள்: பர்த்தலோமேயு ரொட்ரிகஸ், டொமிங்கோ தோ போர்த்தோ, அல்வாரோ தா பொன்சேகா.

இப்பெயர்களைக் கேட்டதும் எங்களுக்கு வியப்பு. பர்த்தலோமேயு நம் அப்போஸ்தலரின் பெயர் அல்லவா? சிஸ்டர் விளக்கியது எளிதில் மறக்கக்கூடியதன்று. 1497இல் போர்த்துகலில் யூதர்களுக்கு வலுக்கட்டாயமாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பெயர் மாறியது, பலருடைய மனம் மாறவில்லை. வீட்டுக்குள் ஒளித்து ஓய்வுநாளைக் கடைப்பிடித்தவர்களைச் சமய விசாரணை மன்றம் தேடிப் பிடித்துத் தண்டித்தது. நம் நாட்டிலும் கோவாவில் 1560 முதல் அம்மன்றம் இயங்கிற்று. ஆங்கிலேயரின் சென்னைப்பட்டினத்திலோ அவர்கள் யூதர்களாகவே வெளிப்படையாக வாழ முடிந்தது.

ஞானஸ்நானத்தை வரமென்றே மறைக்கல்வியில் படித்த எங்களுக்கு இதைக் கேட்பது கடினமாகத்தான் இருந்தது. பேருந்தில் திரும்பும்போதும் இதைப் பற்றியே பேசினோம். நம் அன்னை மரியாளும் சூசையப்பரும் யூதர்கள். நம் ஆண்டவரும் ஓய்வுநாளில் தொழுகைக்கூடம் சென்றவரே. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதர் மீதான பகைமையைக் கண்டித்தது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் எருசலேமின் மேற்கு மதிலில், இறைவனிடம் மன்னிப்பு வேண்டும் சீட்டொன்றைச் செருகினார்.

1720களில் பிரேசிலில் வைரம் கிடைக்கவே, சென்னை வணிகம் தளர்ந்தது. காலப்போக்கில் யூதக் குடும்பங்களும் குறைந்து போயின. கல்லறைத் திருநாளில் நாம் மெழுகுவர்த்தி ஏற்றி மாலை போடுவதைப் போல இங்கே வந்து செய்ய உறவினர் அரிது.

யூதர்கள் கல்லறையைக் காண வந்தால் மீது ஒரு சிறு கல்லை வைத்துச் செல்வது வழக்கம். சிஸ்டர் இதை வகுப்பிலேயே சொல்லியிருந்தார். சூளகிரியில் கல்லுக்கா பஞ்சம்? மலையடிவாரத்தில் பொறுக்கிய கூழாங்கற்களைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டு போயிருந்தோம். ஆளுக்கொன்றாக வைத்துவிட்டு வந்தோம்.