எல்லோர் கையிலும் கடைத் திறப்பா?

மலையகத்தில் வியாபாரம் என்றால் பாதி கடன் கொப்பிதான். தோட்டத்தில் சம்பளம் போடும் நாள்வரை அரிசியும் மாவும் கடனுக்குப் போகும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் எனக்குத் தெரிந்த கடைக்காரர் சிலர் அந்தக் கொப்பியைக் கணனிக்கு மாற்றிவிட்டார்கள். பழைய கணனியொன்றில் இலவசமான உபுண்டு லினக்ஸைப் போட்டு, அதையே சேர்வராக்கி, பில் போடும் மென்பொருளை நிறுவியிருக்கிறார்கள். நல்ல முயற்சி.

நிறுவும்போது அடிக்கடி வரும் தடை ‘பெர்மிஷன் டினைட்’, அதாவது ‘அனுமதி இல்லை’ என்பது. வேலை செய்ய வந்த தம்பி ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் 777 ஆக்கிவிட்டுப் போவார். மென்பொருள் ஓடும். ஆனால் அந்த எண்ணின் பொருளை முதலாளி அறிந்திருக்க வேண்டும்.

எண்ணின் கணக்கு

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தரப்பினர்: உரிமையாளர், குழு, மற்றவர். நம் பாஷையில் முதலாளி, கடைப் பையன்மார், கடைக்குள் வந்துபோகும் எவரும். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. கோப்புறை என்றால் அந்த 1 உள்ளே நுழையும் அனுமதி. ஆகவே 777 என்பது மூவர் கையிலும் கல்லாப்பெட்டித் திறப்பைக் கொடுப்பது. அதே கணனியில் வேறொரு மென்பொருளின் ஓட்டை வழியே ஒருவன் நுழைந்தாலும் உங்கள் கடன் கணக்கை மாற்றி எழுதலாம்.

சரியான வழி

1. அப்பாச்சியின் பிழைப் பதிவேட்டைத் திறந்து, எந்தக் கோப்பில் தடை என்று பாருங்கள்.

2. அதன் உரிமையாளர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் ‘ரூட்’ என்றிருக்கும். உபுண்டுவில் அப்பாச்சி வேலை செய்வதோ ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா’ என்ற பெயரில். கோளாறு இங்கேதான்.

3. கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 போதும். மென்பொருள் எழுதியே ஆகவேண்டிய ஓரிரு கோப்புறைகளை மட்டும் ‘சௌன்’ கட்டளையால் அப்பாச்சியின் பெயருக்கு மாற்றுங்கள்.

4. கடவுச்சொல் உள்ள கோப்புக்கு 640 கொடுத்து, குழுவாக அப்பாச்சியின் குழுவை வையுங்கள். மற்றவர் வாசிக்க முடியாது.

5. இன்னும் தடையா? மேலேயுள்ள கோப்புறைகளைப் பாருங்கள். முன்வாசல் பூட்டியிருந்தால் உள்ளறை திறந்திருந்தும் பயனில்லை.

ரெட் ஹெட் வகை லினக்ஸ் என்றால் ‘எஸ்.இ.லினக்ஸ்’ என்ற இன்னொரு காவலும் உண்டு. அதை நிறுத்திவிடாமல், கோப்புறைக்கு உரிய அடையாளத்தைப் போடச் சொல்லுங்கள்.

யாருடைய கணக்கு?

நம் சேர்வரில் இருப்பது கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கடன் பாக்கியும். அது நம்மிடமுள்ள அமானிதம். பாக்கி ஐயாயிரம் பதினையாயிரமாக மாறினால் அவர் எதைக் காட்டி வாதாடுவார்? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமும் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டது.

ஆகவே வியாபார அன்பர்களே, கூலியைக் கொடுக்குமுன் பக்கத்தில் அமர்ந்து ஒரு கேள்வி கேளுங்கள்: “தம்பி, 777 எங்கேயாவது இருக்கிறதா? தேடிக் காட்டுங்கள்.” ஒரு நிமிட வேலைதான்.