கடைக்குப் போகும் முன்

காவிரி டெல்டாவில் நாற்பது வருஷம் சேற்றில் நின்றவன் நான். முதல் தடவை நெல் போட வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்.

1. நேரடி விதைப்பென்றால் விதைத்து 40 நாள், நடவென்றால் நட்டு 30 நாள், இலை தின்னும் புழுவுக்காக மருந்து டேங்கைத் தூக்காதீர்கள். இலைச்சுருட்டுப் புழு பயிரை வெளுக்க வைக்கும்போது வயிறு எரியத்தான் செய்யும். இளம்பயிர் அதைத் தாண்டித் தழைத்துவிடும். வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 1994இல் விவசாயிகளிடம் இதைத்தான் சொல்லத் தொடங்கினார்கள். மருந்துச் செலவு குறைந்தது, விளைச்சல் குறையவில்லை.

2. நான் அப்படிப் பொறுக்கவில்லை. ஒரு சம்பாவில் மருந்துக் கடைக்காரர் கொடுத்ததையெல்லாம் மூன்று முறை அடித்தேன். நாலாவது வாரம் வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்தது. தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியின் வேலை. மருந்து சிலந்தியைக் கொன்றுவிட்டது. புகையானின் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருந்தது. பொரித்து வந்த குஞ்சுகளைத் தின்ன வயலில் ஆளில்லை. இந்தோனேசியா இதே அடியை நாடு முழுக்கப் பட்டுத்தான் 1986இல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாதென்று தடுத்தது.

3. யூரியாவை மொத்தமாகக் கொட்டாதீர்கள். கரும்பச்சை பார்க்க அழகு, புகையானுக்கும் அதுதான் விருந்து. அது அண்டாமலிருக்க எட்டடிக்கு ஒரு பட்டம், அதாவது நடக்கும் இடைவெளி, விட்டு நடுங்கள்.

4. வரப்பைக் களைக்கொல்லியால் சுடாதீர்கள். உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றுங்கள். புழுவின் முட்டைக்குள் முட்டையிடும் குட்டிக் குளவிகளுக்குப் பூந்தேன் வேண்டும். வயலில் அது ஏது? தவளை ஒதுங்குவதும் வரப்பில்தான்.

5. பறவை தாங்கி நடுங்கள். பகலில் கரிச்சான் உட்காரும், இரவில் கூகை வரும். கதிர் பால் பிடிக்கும்போது தாங்கியைப் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் குருவிக்கு நீங்களே நாற்காலி போட்டதாகும். எலி மருந்து வைத்த வயலில் கூகையை எதிர்பார்க்காதீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்று அதுவும் போய்விடும். எங்கள் தெருவில் கூகை கத்தினால் அபசகுனம் என்பார்கள். எலிக்கு வேண்டுமானால் அபசகுனம்.

6. ஒரு மூலையில் பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா போன்ற பழைய ரகம் ஒன்றைப் போடுங்கள். நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களைத் தேடி மீட்டுவிட்டு 2018இல் போய்ச் சேர்ந்தார். அப்படி மீண்ட விதையை விதைக்காமல் பெட்டியில் வைத்து அழகு பார்த்தால் முளைப்புத்திறன் போய்விடும்.

7. தினம் காலையில் வயலில் இறங்கிக் குத்தைத் தட்டுங்கள், தண்ணீரில் என்ன விழுகிறதென்று குனிந்து பாருங்கள். வலை பின்னாமல் நீர்மேல் ஓடிப் பிடிக்கும் ஓநாய்ச் சிலந்தி ஒன்றே நாளைக்கு 5 முதல் 15 பூச்சிகளை, புகையானையும் சேர்த்து, தின்னும். வேளாண் பல்கலைக்கழகக் கணக்கே சிலந்திக்குப் பங்கு கொடுக்கிறது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் வந்தால் மருந்து, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு வரும்வரை கடைப்பக்கம் போக வேண்டியதில்லை.