செம்பனை வண்டும் ஒரு முதுகலைப் படிப்பும்

அன்புள்ள நித்யா,

முதுகலைக்கு எதை எடுப்பது என்று கேட்டிருந்தாய். இயந்திரவியலையே இன்னும் ஆழமாகப் படிப்பதா, எம்.பி.ஏ. பக்கம் போவதா என்று நீ தடுமாறுவது புரிகிறது. முறைமைப் பொறியியலையும் பொறியியல் மேலாண்மையையும் சேர்த்துக் கற்பிக்கும் படிப்பு ஒன்று இருக்கிறது. செம்பனை மில்லில் சில வருஷம் வேலை பார்த்துவிட்ட உனக்கு அதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான் உருவானது. 1917-இல், தென்னமராம் தோட்டத்தில், ஹென்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் போட்டது. அதற்குப் பிறகு அறுபது வருஷத்துக்கு மேலாகியும் ஒரு குறை தீரவில்லை. ஆப்பிரிக்காவில் நன்றாகக் காய்க்கும் மரம் இங்கே பல இடங்களில், அதுவும் இளம் மரங்களில், அரைகுறையாகத்தான் காய் பிடித்தது. காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கிறது, இங்கே அது போதவில்லை என்று நம்பினார்கள். அதனால் ஆள் வைத்தார்கள். மகரந்தத்தை டால்கம் தூளில் கலந்து, மரம் மரமாகப் போய், மட்டையை விலக்கி, விரிந்த பெண் பூங்குலையில் ஊதிவிட வேண்டும். உன் பாட்டி செய்த வேலை அது. முள் கிழித்த தழும்புகள் கடைசிவரை அவர் கையில் இருந்தன.

யூனிலீவர் தோட்டங்களை நிர்வகித்த லெஸ்லி டேவிட்சன் கேமரூனில் செம்பனைப் பூக்களில் மொய்த்த சின்னஞ்சிறு வண்டுகளைக் கவனித்தார். மகரந்தத்தைச் சேர்ப்பது இவைதானோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. பூச்சியியலாளர் ஆர்.ஏ. சையத் அங்கே போய் ஆராய்ந்து அதை உறுதிப்படுத்தினார். வேறு பயிர்களுக்கு அந்த வண்டு கேடு செய்யாது என்று சோதித்த பிறகுதான் 1981-இல் மலேசியத் தோட்டங்களில் வண்டை விட்டார்கள். அது வேகமாகப் பரவியது. காய்ப்பிடிப்பு கூடியது, குலைகள் கனத்தன.

இனிமேல்தான் உன் படிப்பு தொடங்குகிறது. காய் பிடித்தால் பழத்துக்குள் கொட்டை, கொட்டைக்குள் பருப்பு. மில்லுக்குப் பருப்பு முன்பைவிட அதிகமாக வர ஆரம்பித்தது. கொட்டை உடைக்கும் பகுதியும் பருப்பைக் காயவைக்கும் பகுதியும் பழைய அளவுக்குக் கட்டப்பட்டவை, அதனால் திணறின. குலை கனத்ததால் வெட்டுபவர், சுமப்பவர், லாரி எல்லாருடைய கணக்கும் மாறியது. மகரந்தம் ஊதிய பெண்களின் வேலை அடியோடு போனது. ஒரு வண்டு, இத்தனை மாற்றம். வண்டை விட்டது சரிதான், நாட்டுக்குப் பெரிய ஆதாயம். ஆனால் பருப்புப் பகுதியை எப்போது பெரிதாக்குவது, அதற்குப் பணம் எங்கிருந்து, அந்தப் பெண்களுக்கு அடுத்த வேலை என்ன என்பதை வண்டு வரும் முன்பே யாராவது ஒரே மேசையில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த மேசையில் உட்காரப் பயிற்சி தருவதுதான் இந்தப் படிப்பு. கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு முதல் இரண்டுக்கு மட்டும் விடை தேடுகிறவரை நான் நல்ல பொறியாளர் என்று சொல்ல மாட்டேன்.

நம் ஆற்றையும் பார். சிலாங்கூர் ஆற்றின் மேல்பகுதியில், கோலகுபு பாரு பக்கம் அணை. நடுவில் பெஸ்தாரி ஜெயாவில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்கள். கீழே புக்கிட் பெலிம்பிங், கம்போங் குவாந்தான் கரைகளில் பெரெம்பாங் மரங்களும் மின்மினிகளும். மேலிருந்து வரும் நன்னீர் குறைந்தால் கடலின் உப்பு மேலே ஏறும். அந்த மரங்கள் தாங்கும் உப்புக்கு ஓர் எல்லை உண்டு. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் கழிவு கலந்து நாற்றம் வந்ததும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்றது. நிலையங்களின் இயந்திரங்கள் ஒன்றும் பழுதாகவில்லை. எப்போது நிறுத்துவது, யார் அறிவிப்பது, எந்த அளவு தெளிந்தால் திறப்பது என்று முடிவெடுப்பதும் பொறியியல்தான்.

வகுப்பில் என்ன இருக்கும்? யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு அதை அளக்கக்கூடிய தேவையாக எழுதுவது, பகுதிகள் சந்திக்கும் இடங்களை வரையறுப்பது, நம்பகத்தன்மைக் கணக்கு, உகப்பாக்கம், செலவு மதிப்பீடு, ஒப்பந்தம், ஆட்களை நடத்துவது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பொறியியல் பள்ளியும் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியும் சேர்ந்து 1990-களிலிருந்து இப்படி ஒரு முதுகலை நடத்துகின்றன. பக்கத்தில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொழிலக முறைமைப் பொறியியல், மேலாண்மை இரண்டுக்கும் சேர்த்தே ஒரு துறை இருக்கிறது. நம் நாட்டில் முதுகலையைப் பாடவழி, ஆய்வுவழி, இரண்டும் கலந்த வழி என மூன்று விதமாகப் படிக்கலாம். நீ கலந்த வழியைத் தேடு. வெறும் பாடவழியில் போனால் பிறர் எழுதிய உதாரணங்களோடு முடிந்துவிடும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதே. மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவதற்கு உன் இளங்கலைப் பட்டத்தின் அங்கீகாரம்தான் அடிப்படை. முதுகலை அதற்கு மாற்று ஆகாது. பதிவை இன்னும் முடிக்கவில்லை என்றால் விண்ணப்பத்துக்கு முன் அதை முடி.

கலந்த வழிக்கு வேண்டிய ஆய்வுக் கேள்வி உன் மில்லிலேயே இருக்கிறது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஸ்டெரிலைசருக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும் என்பது உனக்கே தெரியும். ஆனால் உங்கள் மில்லில் அந்த நேரம் எங்கே போகிறது? வெட்டிய இடத்திலா, லாரி வரிசையிலா, மில்லின் இறக்குமேடையிலா? ஒரு வாரம் லாரி ஓட்டுநர்களோடும் மண்டோரோடும் பேசி, குலை வெட்டிய நேரம், ஏற்றிய நேரம், தராசில் ஏறிய நேரம், ஸ்டெரிலைசருக்குள் போன நேரம் நான்கையும் எழுதி அனுப்பு. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவது என்று அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசலாம்.

அன்புடன்,
அத்தை
புக்கிட் பெலிம்பிங்