சூப்பில் சத்து எங்கே இருக்கிறது?



இந்த முறை மருந்து மாத்திரையைப் பற்றி எழுதவில்லை. ஒரு சட்டி சூப்பைப் பற்றி எழுதுகிறேன். "டிரஸருக்கு என்ன ஆச்சு, சமையல் குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டாரே" என்று சிரிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை அவள் மாமியார் என் டிஸ்பென்சரிக்கு அழைத்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. நாலு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. இரத்தத்தைச் சோதித்தேன். ஹீமோகுளோபின் 8.4 இருந்தது. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக் கூடாது.

"என்னம்மா, சாப்பாடெல்லாம் எப்படி?" என்று மாமியாரிடம் கேட்டேன்.

"நீங்க சொன்னபடிதான் ஐயா செய்றேன். வாரத்துக்கு மூணு நாளு சூப்பு வச்சுக் குடுக்கிறேன். ஒரு வாரமும் தவறல."

"கறி சாப்பிடுதா பொண்ணு?"

"கறி எதுக்கு ஐயா? சத்தெல்லாம் தண்ணியில எறங்கிடுதே. சக்கைய என் மவனும் பசங்களும் சாப்பிட்டுக்குவாங்க."

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருமகள் மேல் உள்ள அன்பினால்தான் நல்லதென்று நினைத்த தண்ணீரை அவளுக்குக் கொடுத்து, சக்கையென்று நினைத்ததை மற்றவர்களுக்குக் கொடுத்தார். தவறு என்னுடையது. "சூப்பு வச்சுக் குடுங்க" என்று மூன்று வார்த்தையில் சொல்லி அனுப்பியவன் நான்தான். "கறியையும் சாப்பிடச் சொல்லுங்க" என்ற நாலாவது சங்கதியைச் சொல்லாமல் விட்டதும் நான்தான். அதைத்தான் இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

தண்ணீரில் இறங்குவது என்ன?

கறியையும் எலும்பையும் எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும், இரும்புச் சத்தும் புரதமும் பெரும்பாலும் கறியிலேயே தங்கிவிடும். தண்ணீரில் இறங்குவது ருசி, உப்பு, கொழுப்பு, கொஞ்சம் வைட்டமின், எலும்பிலிருந்து வரும் பசை, இவ்வளவுதான். சூப் ஆறினால் கட்டியாக உறைகிறதே, அது அந்தப் பசை. அதுவும் ஒருவகைப் புரதம்தான். ஆனால் உடம்புக்கு வேண்டிய எல்லாப் பகுதியும் அதில் இல்லை. எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் வெறும் தண்ணீரில் மிகக் கொஞ்சமே கரையும். சுண்ணாம்புச் சத்து வேண்டுமானால் முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி அதைவிட மேல்.

அப்படியானால் சூப் தண்ணீர் வீணா? இல்லை. காய்ச்சலில் கிடப்பவருக்கும், வெயிலில் குலை வெட்டி வேர்த்துக் களைத்து வருபவருக்கும் தண்ணீரும் உப்பும் தேவை. அதற்குச் சூப் நல்லது. ஆனால் இரத்தம் ஊற வேண்டியவர் கறியைச் சாப்பிட வேண்டும்.

ஒரு கணக்குப் பாருங்கள். கொழுப்பு நீக்கிய பச்சை மாட்டிறைச்சி 500 கிராமில் ஏறக்குறைய 100 கிராம் புரதம் இருக்கிறது. இரும்புச் சத்து 10 மில்லிகிராம் அளவு. ஐந்து பேர் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 20 கிராம் புரதம், 2 மில்லிகிராம் இரும்பு. இரும்பு 2 மில்லிகிராம்தானே என்று நினைக்காதீர்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைவிட இறைச்சியில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். கூடவே, அதே வேளையில் சாப்பிடும் கீரையின் இரும்பையும் அது உள்ளே இழுத்துக்கொடுக்கும்.

மக்ரோனி சூப் செய்முறை

இது நம் மலாய் அண்டை வீட்டார் செய்யும் 'சூப் மக்ரோனி'. பள்ளிக்கூடக் கேன்டீனில் நம் பிள்ளைகளும் விரும்பிச் சாப்பிடுவதுதான். கறி, காய், மாவு எல்லாம் ஒரே மங்கில் வந்துவிடுவதால், வேலை முடிந்து களைத்து வரும் அம்மாமார்களுக்குத் தனித்தனியாகக் குழம்பு, பொரியல் என்று நிற்க வேண்டியதில்லை.

நம்மில் மாட்டிறைச்சி தொடாத வீடுகள் அதிகம். அவர்கள் அதே அளவு ஆட்டிறைச்சியோ கோழித் தொடைக் கறியோ போடலாம். ஆட்டில் இரும்பு ஓரளவு நன்றாகவே இருக்கிறது. கோழியில் குறைவு, ஆனால் புரதம் குறையாது. சாப்பிடுகிறவர்கள் மாட்டிறைச்சியே வாங்கலாம். கடையில் உறைய வைத்து விற்கும் எருமைக் கறியும் சத்தில் குறைந்ததல்ல.

5 பேருக்கு வேண்டியவை:

இறைச்சி 500 கிராம், 2 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டியது
மைசூர் பருப்பு ஒரு கைப்பிடி
மக்ரோனி 250 கிராம்
உருளைக்கிழங்கு 2, கேரட் 2, தக்காளி 2
சாவிக் கீரை ஒரு கட்டு
பெரிய வெங்காயம் 1, பூண்டு 5 பல், இஞ்சி ஒரு துண்டு
பட்டை ஒரு துண்டு, அன்னாசிப்பூ 1, கிராம்பு 2, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி
எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி
எலுமிச்சை 1, டாவுன் சூப் கொஞ்சம்

1. எண்ணெயைச் சூடாக்கிப் பட்டை, அன்னாசிப்பூ, கிராம்பு போடுங்கள். நறுக்கிய வெங்காயமும் தட்டிய இஞ்சி பூண்டும் சேர்த்து வாசம் வரும் வரை வதக்குங்கள்.

2. இறைச்சியைப் போட்டு நிறம் மாறும் வரை புரட்டுங்கள். 2 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். கொதித்து வரும்போது மேலே மிதக்கும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள்.

3. சாதாரணச் சட்டியானால் மூடி, சிறு தீயில் ஒன்றரை முதல் 2 மணி நேரம் வேக விடுங்கள். பிரஷர் குக்கரானால் ஆவி வந்தபின் 25 நிமிடம் போதும். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். கோழியானால் சட்டியிலேயே 40 நிமிடத்தில் வெந்துவிடும்.

4. கறி மெத்தென்று ஆனபின் பருப்பு, உருளைக்கிழங்கு, கேரட் போட்டுத் திறந்த சட்டியில் 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். பருப்பை முதலிலேயே குக்கரில் போட வேண்டாம். அது நுரைத்துப் பொங்கி, ஆவி போகும் துவாரத்தை அடைத்துவிடும். ஆபத்து.

5. பருப்பு கரைந்தபின் தக்காளி, உப்பு, மிளகுத்தூள் சேர்த்து 5 நிமிடம். கடைசியில் கீரையைப் போட்டு 2 நிமிடத்தில் இறக்குங்கள்.

6. மக்ரோனியை வேறு சட்டியில், பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரப்படி வேகவைத்து வடியுங்கள். பெரும்பாலும் 8 முதல் 10 நிமிடம் ஆகும். சூப்புக்குள்ளேயே போட்டுவிட்டால் தண்ணீரையெல்லாம் குடித்து ஊதிப்போய்க் களியாகிவிடும். மங்கில் முதலில் மக்ரோனி, அதன்மேல் கறியும் காயும், பிறகு சூடான சூப். எலுமிச்சையைச் சாப்பிடும்போது பிழியுங்கள். அதன் புளிப்பிலுள்ள வைட்டமின் சி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர உதவும்.

கட்டிச் சூப் தூள், கியூப் போடுகிறவர்கள் கவனிக்கவும். அதில் ஏறக்குறைய பாதி உப்புதான். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கியூப் போட்டால் மேற்கொண்டு உப்புப் போடாதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர் இருக்கும் வீட்டில் கியூபே வேண்டாம்.

பங்கு போடுவது எப்படி?

இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான். நம் வீடுகளில் அப்பாவுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் கறியை அள்ளி வைத்துவிட்டு, அம்மா கடைசியில் உட்கார்ந்து மிச்சமிருக்கும் தண்ணீரில் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவது பழக்கம். "எனக்குக் கறி பிடிக்காது" என்று ஒரு பேச்சும் சொல்லிக்கொள்வார்கள். பல பேருக்குப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். மாதவிடாயில் மாதாமாதம் இரத்தம் போவது பெண்களுக்கு. பிள்ளையைச் சுமப்பதும் அவர்கள். இரும்புச் சத்து அதிகம் வேண்டியவருக்கே குறைவாகப் போகிறது.

மேலே சொன்ன அளவில் 50 முதல் 60 துண்டு வரும். பரிமாறும்போது ஆளுக்குப் பத்துத் துண்டு என்று முதலிலேயே ஐந்து மங்கில் எடுத்து வைத்துவிடுங்கள். கர்ப்பிணி இருந்தால் மீதித் துண்டு அவளுக்கு. தோழர்களே, இதை வீட்டு அம்மா தனக்காகச் செய்துகொள்ள மாட்டார். கரண்டியை நீங்கள் ஒரு நாள் கையில் எடுங்கள்.

சிறு குழந்தைக்குக் கறியை நன்றாக மசித்துக் கொடுங்கள். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு உப்புப் போடுமுன் கொஞ்சம் எடுத்து மசித்துக் கொடுக்கலாம். துண்டாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

இன்னும் சில எச்சரிக்கைகள்

தேத்தண்ணி: சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தை விடுங்கள். தேயிலையின் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பை உடம்பில் சேர விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது பொறுத்துக் குடியுங்கள். காப்பிக்கும் இதே விதிதான்.

இனிப்பு நீர்: மக்ரோனியும் மாவுதான். வேகவைத்த ஒரு கப் மக்ரோனியில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு கப் சோற்றுக்குக் கிட்டத்தட்ட சமம். ஆகவே இனிப்பு நீர் உள்ளவர்கள் ஒரு கப்போடு நிறுத்த வேண்டும். மக்ரோனி சாப்பிட்டுவிட்டு "கொஞ்சம் சோறு" என்று உட்காரக் கூடாது. கறியும் காயும் கூட்டிக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு, யூரிக் ஆசிட் உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும்.

மீந்த சூப்: விடியற்காலை பெரட்டுக்குப் போகும் அவசரத்தில், இரவு வைத்த சூப்பை அடுப்பின்மேல் அப்படியே மூடி வைத்துக் காலையில் சுடவைப்பது வழக்கம். இது வயிற்றுப்போக்குக்கு வழி. இறைச்சியில் உள்ள சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாகாது. சூப் மெதுவாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். சில கிருமிகள் விட்டுவைக்கும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. எனவே சாப்பிட்டு முடித்ததும் சின்னச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றி ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டியில் வையுங்கள். 2 நாளுக்குள், நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிட்டு முடியுங்கள். ஐஸ் பெட்டி இல்லாதவர்கள் அன்றைக்கு வேண்டிய அளவே வைக்கவும்.

ஈரல்: ஈரலில் இரும்பு நிறைய உண்டு. ஆனால் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருப்பதால் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது.

கடைசியாக ஒன்று. சூப் மருந்தல்ல. சோர்வு, மூச்சு வாங்கல், படபடப்பு, வெளுத்த கண்ணிமை இருந்தால் டிஸ்பென்சரிக்கோ அரசாங்கக் கிளினிக்குக்கோ வந்து இரத்தத்தைச் சோதியுங்கள். இரத்தக் குறைவுக்குச் சாப்பாடு மட்டும் காரணமல்ல. கொக்கிப்புழு, அதிக மாதவிடாய், வலி மாத்திரையால் வரும் வயிற்றுப் புண், பரம்பரையாக வரும் தலசீமியா என்று பல உண்டு. ஆண்களுக்கு இரத்தம் குறைந்தால் கட்டாயம் காரணத்தைத் தேட வேண்டும். கர்ப்பிணிகள் கொடுக்கும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து ஜன்னல் வழியே வீசாதீர்கள். அது இரும்பு மாத்திரையின் இயல்பு.

அந்த மருமகளை அன்றே அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பினேன். மாத்திரை கொடுத்தார்கள். பிரசவத்துக்கு முன் ஹீமோகுளோபின் 10.6-க்கு வந்தது. முக்கால்வாசி மாத்திரையின் வேலை என்றே சொல்வேன். பிள்ளை சுகமாகப் பிறந்தது. சில மாதம் கழித்து அந்த மாமியார் தன் முழங்கால் வலிக்கு மருந்து வாங்க வந்தார்.

"என்னம்மா, வீட்டில் இன்னும் சூப்பு உண்டா?" என்றேன்.

"உண்டு ஐயா. இப்ப கறிய அவளுக்குத்தான் மொதல்ல வைக்கிறேன்."

"உங்களுக்கு?"

அவர் பதில் சொல்லாமல் சிரித்தார். அவர் விரலிலும் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தேன். 9.8. முழங்கால் மருந்தோடு கிளினிக்குக்கு ஒரு கடிதமும் கொடுத்து அனுப்பினேன்.

ஆகவே இன்று இரவு உங்கள் வீட்டில் சூப் வைத்தால், அம்மாவின் மங்கில் கறி இருக்கிறதா என்று ஒரு தரம் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த இதழில் சந்திப்போம்.