கர்ப்பவதிகளும் டாக்ஸோபிளாஸ்மா கிருமியும்



வீட்டில் பூனை இருந்தால் கர்ப்பவதிக்கு ஆபத்து என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் ஐரோப்பாவின் 6 நகரங்களில் நடந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. டாக்ஸோபிளாஸ்மா தொற்று கண்ட கர்ப்பவதிகளில் 30 முதல் 63 சதவீதம் பேருக்குச் சரியாக வேகாத அல்லது பதப்படுத்திய இறைச்சியும், 6 முதல் 17 சதவீதம் பேருக்கு மண்ணும் காரணமாயின. பூனை வளர்ப்பது காரணமாகத் தெரியவில்லை.

பூனையின் மலத்தில் வெளிவரும் கிருமி, தொற்றும் நிலையை அடைய 1 முதல் 5 நாட்கள் ஆகும். தாய்க்கு நோய் தெரியாமலே போகலாம். சிசுவின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம்.

ஆகவே நாங்கள் சொல்லுவது: இறைச்சியை நன்றாக வேகவையுங்கள். காய்கறிகளைக் கழுவுங்கள். மண்வேலைக்குப்பின் கைகளைச் சோப்பினால் கழுவுங்கள். பூனையை விரட்ட வேண்டாம். அதன் மலத்தை வேறொருவர் தினமும் அகற்றட்டும்.