எந்த எதிர்நீச்சல்?

செல்வி கோமதிக்கு,

உன் கடிதமும், கல்லூரி மலருக்காக நீ எழுதி, அபிப்பிராயம் கேட்டு அனுப்பியிருந்த கட்டுரையும் சௌக்கியமாக வந்து சேர்ந்தன. இயக்குநர் பாலசந்தரைப் பற்றி இந்தக் காலத்து மாணவி ஒருத்தி இத்தனை ஈடுபாட்டுடன் எழுதுகிறாளே என்ற சந்தோஷத்தோடுதான் வாசிக்கத் தொடங்கினேன். ஆனால், 1954-ஆம் வருஷத்தில் பாட்டு ஒன்றுகூட இல்லாமல் வெளிவந்து பிரசித்தி பெற்ற 'அந்த நாள்' படத்தை அவருடைய ஆரம்பகாலப் படைப்பு என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறாய். 'எதிர்நீச்சல்' படத்தின் கதாநாயகன் நெடுந்தூர ஓட்டப்பந்தயத்தில் ஓடுவதாக இன்னோரிடத்தில் எழுதியிருக்கிறாய். இரண்டும் பெயரால் வந்த பிழைகள். கடிதத்தின் முடிவில், ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் எடுத்து வைத்துக்கொள்வது திருட்டு ஆகாதா என்றும் கோபத்துடன் கேட்டிருக்கிறாய். பிழையையும் கோபத்தையும் சேர்த்தே கவனிப்போம்.

'அந்த நாள்' படத்தை இயக்கியவர் எஸ். பாலசந்தர். வீணை பாலசந்தர் என்று உலகம் அறிந்த மகாவித்வான் அவர்தான். சினிமாவில் நடித்து, இயக்கி, இசையும் அமைத்து, பிறகு அந்தத் துறையையே விட்டு விலகி வீணைக்குத் தம்மை முழுவதும் ஒப்புக்கொடுத்தவர். நீ எழுத விரும்பிய கே. பாலசந்தர் 1954-இல் சினிமாப் பக்கமே வந்திருக்கவில்லை. அரசாங்கக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே மேடை நாடகங்கள் எழுதி, அந்த நாடகங்களின் கீர்த்தியால் சினிமாவுக்கு அழைக்கப்பட்டு, 1965-இல் 'நீர்க்குமிழி' படத்தின் மூலம் இயக்குநரானவர் அவர். இருவரும் தமிழ் சினிமாவில் புதுமை செய்தவர்கள் என்ற காரணத்தால் ஒருவர் புகழ் மற்றவர் கணக்கில் எளிதாக ஏறிவிடுகிறது. முன்னெழுத்து ஒன்றை விட்டுவிட்டதனால், வீணை வித்வானுக்கு உரிய பெருமையை நீ அறியாமலே பறித்துவிட்டாய் என்பதை நினைத்துப் பார். இன்னொன்றும் கேள்: அதே எஸ். பாலசந்தர் 1951-இல் 'கைதி' என்று ஒரு படம் இயக்கினார். 2019-இல் லோகேஷ் கனகராஜ் இயக்கத்தில் கார்த்தி நடித்து வந்த 'கைதி'க்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது.

இனி எதிர்நீச்சலுக்கு வருவோம். அது முதலில் கே. பாலசந்தரின் மேடை நாடகம். பிறகு 1968-இல் அவரே இயக்கிய திரைப்படம். பல குடித்தனங்கள் நிறைந்த ஒரு வீட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கொண்டு, குடித்தனக்காரர்கள் எல்லோருக்கும் எடுபிடி வேலைகள் செய்து, அவர்கள் போடும் சோற்றை உண்டு, எப்படியாவது படித்துப் பட்டம் பெற்றுவிட வேண்டும் என்று தவிக்கும் அநாதைப் பையன் மாதுவின் கதை அது. நாகேஷ் என்ற மகா நடிகரின் ஹாஸ்யத்துக்குள் எவ்வளவு கண்ணீர் இருந்தது என்பதைத் தமிழ் ரசிகர்கள் கண்டுகொண்ட படங்களுள் அது முதன்மையானது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். சௌகார் ஜானகியின் பட்டு மாமியையும் அந்தத் தலைமுறை மறந்ததில்லை. நாற்பத்தைந்து வருஷங்கள் கழித்து, 2013-இல், அதே பெயரில் துரை செந்தில்குமார் இயக்கிச் சிவகார்த்திகேயன் நடித்த படம் வந்தது. உன் கட்டுரையில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறவன் இந்தப் படத்தின் நாயகன்தான். குஞ்சிதபாதம் என்ற தன் பெயரை ஊரார் பரிகசிப்பது தாளாமல் ஹரீஷ் என்று மாற்றிக்கொள்ளும் இளைஞன் அவன். பெயரால் ஒருவனுக்கு நேரும் துன்பத்தைச் சொல்லும் படமே பழைய பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டு வந்தது. அதற்கும் பிறகு 2022-இல் சன் தொலைக்காட்சியில் 'எதிர்நீச்சல்' என்ற நெடுந்தொடர் தொடங்கியது. படித்த பெண்கள் பலர் மருமகள்களாக வாழ்க்கைப்பட்டு, பெண்ணை அடக்கியே பழகிய ஒரு குடும்பத்தில் படும் பாட்டைச் சொன்ன தொடர் அது; நாள்தோறும் லட்சக்கணக்கான வீடுகளில் ஒலித்தபடியால், இன்று அந்தப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் பலருக்கு நினைவில் எழுவது அந்தக் குடும்பமேயன்றி மாடிப்படி மாது அல்லன்.

ஆக, நாடகம் ஒன்று, திரைப்படங்கள் இரண்டு, தொலைக்காட்சித் தொடர் ஒன்று. முதல் இரண்டும் தாயும் பிள்ளையும் போல. மற்றவை ஒன்றுக்கொன்று அந்நியமானவை. ஆற்றின் வேகத்துக்கு எதிராக நீந்துவது என்ற கருத்து அநாதைப் பையனுக்கும், ஓட்டக்காரனுக்கும், அடக்கப்பட்ட மருமகளுக்கும் சமமாகப் பொருந்துகிறது. பொருந்துகிற இடத்தில் ஒரு நல்ல சொல்லை எடுத்து வைத்துக்கொள்வதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சட்டமும் ஏறக்குறைய அவ்வாறே சொல்கிறது. 'தேசி பாய்ஸ்' என்ற ஹிந்திப் படத்தின் பெயர் குறித்து எழுந்த வழக்கில், தலைப்பு மாத்திரம் தனியே நின்று பதிப்புரிமை பெறத்தக்க ஒரு படைப்பு ஆகாது என்று 2015-இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தயாரிப்பாளர் சங்கங்களில் பெயரைப் பதிவு செய்து வைக்கிறார்களே என்றால், அது ஒரே சமயத்தில் ஒரே பெயரில் இரண்டு படங்கள் வந்து மோதிக்கொள்ளாமல் இருப்பதற்காகத் தொழில் செய்பவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. ஒருவருடைய படைப்புத்தான் இது என்று மக்களை நம்பவைத்து ஏமாற்றும் நோக்கத்துடன் பெயரை எடுத்தால் விஷயம் வேறு. அதற்குச் சட்டத்தில் வேறு பரிகாரம் உண்டு. எனவே திருட்டு என்ற கடுஞ்சொல்லை உன் கட்டுரையிலிருந்து எடுத்துவிடு.

இதில் நீ ஊன்றிக் கவனிக்க வேண்டிய விசித்திரம் ஒன்று உண்டு. 1985-இல் சிவாஜி கணேசனும் ரஜினிகாந்தும் நடித்த 'படிக்காதவன்' ஒரு ஹிந்திப் படத்தைத் தழுவியது. 2009-இல் தனுஷ் நடித்த 'படிக்காதவன்' ஒரு தெலுங்குப் படத்தைத் தழுவியது. பெயர் ஒன்றாயிருக்க, மூலங்கள் வெவ்வேறு மொழிகளில் இருக்கின்றன. மறுபுறம், 1961-இல் பீம்சிங் இயக்கித் தமிழ்நாட்டையே அழவைத்த 'பாசமலர்', மறு வருஷமே அவருடைய இயக்கத்திலேயே 'ராக்கி' என்ற பெயரில் ஹிந்தியில் வந்தது. அங்கே பெயரில் ஒற்றுமை சிறிதும் இல்லை. கதையின் ரத்தமோ ஒன்று. பேரனுக்குப் பாட்டனாரின் பெயரை வைக்கும் நம் வழக்கத்தில் பெயரே உறவுக்குச் சாட்சி. சினிமாவில் அந்தச் சாட்சியத்தை ஏற்க முடியாது. உறவைத் தேட வேண்டிய இடம் கதையும் கர்த்தாவும் காலமுமே.

நீ சங்கீதம் கற்றுக்கொள்கிறவளாதலால், இதே மயக்கம் அங்கே இன்னும் ஆழமாக இருப்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உன் வாத்தியார் தோடி சொல்லிக்கொடுத்திருப்பார். வடக்கே இந்துஸ்தானி வித்வான் ஒருவர் 'தோடி' பாடப்போகிறேன் என்று சொல்லித் தொடங்கினால், நீ கேட்கப்போவது நம்முடைய தோடி அன்று. நம் சுபபந்துவராளியின் ஸ்வரங்களை உடைய ராகம் அது. பிரதிமத்யமமும் காகலி நிஷாதமும் அதில் ஒலிக்கும். நம் தோடியில் இருப்பவை சுத்த மத்யமமும் கைசிகி நிஷாதமும் அல்லவா? அப்படியானால் நம் தோடியின் ஸ்வரங்கள் வடக்கே எங்கே போயின என்று கேட்பாய். அங்கே அவை 'பைரவி' என்ற பெயரில் வாழ்கின்றன. நம் பைரவியோ நடபைரவியின் வழி வந்து, இரண்டு தைவதங்களையும் ஏற்று, முற்றிலும் வேறு சாயலுடன் விளங்குவது. ஹிந்தோளமும் அப்படியே: நம் ஹிந்தோளத்தின் ஸ்வரங்களை வடக்கே 'மால்கௌன்ஸ்' என்கிறார்கள், அவர்களுடைய 'ஹிந்தோல்' கல்யாண் வகையைச் சேர்ந்த வேறொரு ராகம். ஸ்வரங்கள் ஒன்றாயிருந்தாலும் கமகமும் சஞ்சாரமும் வேறாகையால், அவற்றை ஒரே ராகம் என்று சொல்லிவிடவும் கூடாது. ராகத்தின் பெயரை மட்டும் படித்துவிட்டு இரு சம்பிரதாயங்களையும் ஒப்பிட்டு எழுதப் புகுந்த கட்டுரைகள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். முதல் பத்தியிலேயே அஸ்திவாரம் ஆடிப்போனவை அவை.

ஊர்ப் பெயர்களில் மயக்கம் எளிது, தெளிவும் எளிது. நம் சேலத்தைப் பற்றி, மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றி விவரம் தேடுகிறாய் என்று வைத்துக்கொள். 1935-இல் டி. ஆர். சுந்தரம் தோற்றுவித்து, நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனம் அது. ஆங்கில எழுத்துகளில் சேலம் என்று மட்டும் கொடுத்துத் தேடினால், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து சேலம் முன்னே வந்து நிற்கும். 1692-இல் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்ட கொடுமையால் சரித்திரத்தில் நிலைத்துவிட்ட ஊர் அது. அந்தக் கொடுமையை வைத்து 2014-இல் 'சேலம்' என்றே ஒரு தொலைக்காட்சித் தொடரும் எடுத்தார்கள். ஆரெகன் மாகாணத்தின் தலைநகரும் சேலம்தான். ஏற்காட்டின் அடிவாரத்து மாம்பழச் சேலத்துக்கும் இவற்றுக்கும் பெயரைத் தவிர ஒட்டு இல்லை.

இந்த மயக்கம் இந்த நூற்றாண்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடாதே. அதியமானைப் பாடிய சங்க காலத்து ஔவையார் வேறு. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் அருளிய பிற்காலத்து ஔவையார் வேறு. இடையே பல நூற்றாண்டுகள் கழிந்திருக்கின்றன. மொழியின் நடையையும், யாப்பையும், பாடப்பட்ட அரசர்களையும், வழிபடப்பட்ட தெய்வங்களையும் பொறுமையுடன் ஆராய்ந்துதான் பண்டிதர்கள் அவர்களைப் பிரித்தறிந்தார்கள். 1953-இல் ஜெமினி எஸ். எஸ். வாசன் கே. பி. சுந்தராம்பாளை நடிக்கவைத்து எடுத்த 'ஔவையார்' படமோ, அவர்களுடைய கதைகளையெல்லாம் ஒரே மூதாட்டியின் வாழ்க்கையாகக் கோத்துவிட்டது. கலைஞனுக்கு அந்த உரிமை உண்டு. பக்தியோடு அதைக் கேட்டு உருகிய ஜனங்கள்மீதும் தவறில்லை. ஆனால் கட்டுரை எழுதுகிற உனக்கு அந்த உரிமை கிடையாது.

ஆகையால், குழந்தாய், எந்தப் பெயரை எழுதினாலும் அதன் அருகில் இரண்டாவது அடையாளம் ஒன்றைச் சேர்த்து எழுதப் பழகு. படமாயின் வருஷமும் இயக்குநர் பெயரும். ராகமாயின் கர்நாடகமா, இந்துஸ்தானியா என்பது. ஊராயின் மாகாணம் அல்லது தேசம். மனிதராயின் முன்னெழுத்தும் காலமும். இரண்டு நூல்களில் ஒரே பெயரைக் கண்டால், இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன என்று நிரூபணமாகும் வரை வெவ்வேறு என்றே வைத்துக்கொண்டு மேலே படி. வேலை சற்று மந்தமாகத்தான் நடக்கும், நடக்கட்டும்.

உன் கட்டுரையின் கடைசிப் பகுதி, பாலசந்தரின் பெண் பாத்திரங்களைப் பற்றியது, மிகவும் நன்றாக வந்திருக்கிறது. அதில் ஓர் எழுத்தையும் மாற்றாதே. முன்பகுதியைத் திருத்துவதற்கு முன்னால் 1968-ஆம் வருஷத்து எதிர்நீச்சலை ஒரு முறை முழுவதும் பார்த்துவிடு. நீ இன்னும் அதைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் பெரியப்பா